மதிய இடைவேளையில் நூலகத்தில் உரையும் கச்சேரியும்: வேண்டுமா, வேண்டாமா?

(விவாத மன்றம் ஒன்றில் புனைபெயர்களில் எழுதியவர்களின் வாதங்கள்; ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

அடிக்குறிப்பு:
பொது நூலகங்களில் மதிய இடைவேளையின்போது கட்டணமில்லாத உரைகள், இசை நிகழ்ச்சிகள், ஓரங்க நாடகங்கள் நடத்த வேண்டும் என்று இங்கே பலரும் எழுதி வருகிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. உரையும் இசையும் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. அவற்றுக்கு அரங்குகள் இருக்கின்றன, திறந்தவெளிகள் இருக்கின்றன. ஆனால் காசு கொடுக்காமல், ஏன் வந்தாய் என்ற கேள்விக்கு ஆளாகாமல், அமைதியாக உட்கார்ந்து படிக்க நூலகத்தை விட்டால் வேறு இடம் எது? அதையும் கூட்டம் கூடும் இடமாக மாற்றிவிட்டால் படிக்கிறவர் எங்கே போவார்?

இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்காக 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது. வேலைக்குப் போகிற ஒருவருக்கு நூலகம் வர மதியம் மட்டும்தான் நேரம் கிடைக்கிறது. அங்கேயே வைத்துப் படிக்க வேண்டிய பார்வைப் பிரிவு நூல் ஒன்றை எடுத்துக் குறிப்பெழுத உட்காருகிறார். அந்த நேரம் பார்த்து ஒலிவாங்கியை உயிர்ப்பித்தால் அவருடைய நேரத்தைக் காப்பாற்றுகிறோமா, பறிக்கிறோமா?

நடுப்பகல்:
ரங்கநாதனைச் சாட்சிக்கு அழைத்தீர்கள், நல்லது. அவருடைய மூன்றாவது விதியையும் கேளுங்கள்: ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும். அடுக்கில் ஆண்டுக்கணக்காக எவர் கையும் படாமல் கிடக்கிற நூல்கள் எத்தனை! விண்மீன்களைப் பற்றி ஒருவர் நாற்பது நிமிடம் சுவையாகப் பேசினால், வானியல் அடுக்கின் பக்கமே போகாத பத்துப் பேர் அன்று அங்கே போய் நிற்பார்கள். பட்டியலாலும் அறிவிப்புப் பலகையாலும் ஆகாத வேலை அது.

இது நூலகத்துக்குப் புறம்பான வேலையும் அல்ல. பன்னாட்டு நூலகக் கூட்டமைப்பும் யுனெஸ்கோவும் 1994-இல் வெளியிட்ட பொது நூலக அறிக்கை, நூலகத்தின் கடமைகளில் நிகழ்த்துகலைகளை மக்கள் அணுகச் செய்வதையும் வாய்மொழி மரபுக்குத் துணை நிற்பதையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. கொள்கை அளவில் நூலகச் சேவைக்குக் கட்டணம் கூடாது என்பதும் அதே அறிக்கைதான்.

மதிய நேரத்துக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. 1939-இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கி லண்டனின் இசை அரங்குகள் மூடப்பட்டபோது, பியானோ கலைஞர் மைரா ஹெஸ் அங்குள்ள தேசிய ஓவியக் கூடத்தில் மதிய இசை நிகழ்ச்சிகளைத் தொடங்கினார். 1946 வரை, வாரத்தில் ஐந்து நாள், மொத்தம் 1,698 நிகழ்ச்சிகள் நடந்தன. மாலையில் வீட்டுக்கு ஓடியாக வேண்டியவர்கள், இரவில் வெளியே வர அஞ்சியவர்கள், இசை அரங்கின் வாசலையே மிதிக்காதவர்கள் எல்லாம் அந்த மதியங்களில் வந்து உட்கார்ந்தார்கள்.

அடிக்குறிப்பு:
மைரா ஹெஸ் செய்தது மகத்தான காரியம். அதை நானும் தலைவணங்கிச் சொல்வேன். ஆனால் அந்தக் கூடம் அப்போது எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குண்டுவீச்சுக்கு அஞ்சி ஓவியங்களையெல்லாம் முன்பே ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டிருந்தார்கள். வெறும் சுவர்கள். ஓவியம் பார்க்க வந்தவர் எவருக்கும் அங்கே இடைஞ்சல் இல்லை. நாம் பேசும் நூலகத்தில் நூல்களும் இருக்கின்றன, வாசகர்களும் இருக்கிறார்கள். தவிர, லண்டனில் நுழைவுக்கு ஒரு ஷில்லிங் வாங்கினார்கள். கட்டணமில்லாத நிகழ்ச்சிக்கு அது எப்படி முன்மாதிரி ஆகும்?

ஜன்னலோரம்:
தேர்வுக்காகப் படிப்பவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மின்விசிறியின் இரைச்சலும் தெருவின் இரைச்சலும் சிறிது நேரத்தில் பழகிவிடும். பேச்சு பழகாது. புரிகிற மொழியில் யாராவது பேசினால், கேட்க விரும்பாவிட்டாலும் மனம் அந்தச் சொற்களின் பின்னால் போய்விடுகிறது. காதில் விழும் பேச்சு நினைவில் வரிசையாக வைத்திருப்பதைக் கலைக்கிறது என்று உளவியல் ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. "மெல்லிய குரலில்தான் பேசுவோம்" என்று ஆறுதல் சொல்லாதீர்கள். மெல்லிய குரலும் சொற்களாகத்தான் வந்து விழுகிறது.

நடுப்பகல்:
அடிக்குறிப்பு ஐயா, கட்டணமில்லாத முன்மாதிரி கேட்டீர்கள், தருகிறேன். சிகாகோவில் 1897-இல் மத்திய நூலகமாகக் கட்டிய மாளிகையிலேயே, 1977-இல், அதே மைரா ஹெஸ் பெயரில் மதிய இசைத் தொடர் ஒன்று தொடங்கியது. புதன்கிழமைதோறும் 12.15 மணி. டிக்கெட் கிடையாது. வளரும் இளம் கலைஞர்கள் வாசிப்பார்கள், அலுவலகத்திலிருந்து நடந்து வருகிறவர் கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்பலாம்.

ஜன்னலோரம் சொன்னதை மறுக்க மாட்டேன். கதவு வேண்டும், சுவர் வேண்டும். ஆனால் அதற்காக நிகழ்ச்சியே கூடாது என்பது எந்த நியாயம்?

அடிக்குறிப்பு:
சிகாகோ கதையின் மிச்சத்தை நான் சொல்கிறேன். அந்த மாளிகை இன்று பண்பாட்டு மையம். நகரத்தின் மத்திய நூலகம் 1991-இல் வேறொரு கட்டடத்தில் திறக்கப்பட்டது. கச்சேரிக்கு மாளிகையில் இடம் கிடைத்தது, நூல்கள் வெளியே போய்விட்டன. என் அச்சம் முழுவதும் இதுதான்.

நடுப்பகல்:
கச்சேரியா நூல்களை விரட்டியது? நூல்கள் பெருகி அந்தக் கட்டடம் கொள்ளாமல் போனது, அதனால் வேறிடம் தேட வேண்டி வந்தது. நூலகம் ஒரு வளரும் உயிர் என்று உங்கள் ரங்கநாதன்தானே ஐந்தாவது விதியில் சொன்னார்!

இரவல் மேசை:
நூலகத்தில் வேலை பார்ப்பவன் நான். இரு தரப்பும் விட்டுவிட்ட சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

முதலில் நாற்காலி. பேச்சாளரின் குரலைவிட வாசகரை எரிச்சலூட்டுவது, நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் நாற்காலிகளைத் தரையில் இழுக்கும் ஓசை. கால்களுக்கு அடியில் தடித்த கம்பளித் துணியை ஒட்டிய பிறகு எங்களிடம் வரும் புகார்களில் பெரும்பகுதி நின்றுபோனது. அடுத்தது பின்வரிசை. வேலைக்குத் திரும்ப வேண்டியவர் ஒரு கண்ணைக் கடிகாரத்தின் மேல் வைத்துக்கொண்டு கதவோரமாகத்தான் நிற்பார். அங்கே நான்கு இருக்கைகளைக் காலியாக வைத்தால் உட்கார்ந்து கேட்பார், பிறரைத் தாண்டாமல் எழுந்து போவார். நாற்பது நிமிடத்துக்கு மேல் எந்த நிகழ்ச்சியும் நீளக் கூடாது. பேச்சாளர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

உரை கேட்டவர்கள் நூலைத் தேடிப் போவார்கள் என்று நடுப்பகல் சொன்னது உண்மையா என்று கேட்டால், உண்மை, ஆனால் தானாக நடப்பதில்லை. பறவைகளின் குரல்களைப் பற்றி ஒருவர் பேச வந்தார். வாயாலேயே குரல்களை எழுப்பிக் காட்டினார், கூட்டம் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தது. வெளியேறும் வழியில் ஒரு மேசை போட்டு, பறவை நூல்களை அட்டைப்படம் தெரியும்படி நிறுத்தி, பக்கத்திலேயே இரவல் பதிவேட்டை வைத்திருந்தோம். கூட்டம் கலைவதற்குள் மேசை காலி. கடைசி நூலை இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொட்டார்கள், ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுத்தார். பிறகு ஒரு முறை, இதே அளவு நல்ல உரைக்கு, அந்த மேசையைப் போட ஆளில்லை. எல்லோரும் கைதட்டிவிட்டுப் போனார்கள், ஒரு நூல்கூட நகரவில்லை. வானியல் அடுக்கு உள்பக்கம், மூன்றாவது வரிசையில் இருந்தால் யாரும் தேடிப் போவதில்லை.

ஆள் இல்லை என்பதுதான் இதில் முக்கியம். நிகழ்ச்சிக்கு இருவர் போனால் இரவல் மேசையில் ஒருவர்தான் மிஞ்சுவார். மதியம்தான் அங்கே வரிசையும் நீளும்.

மேடைப்பக்கம்:
நான் கதை நிகழ்த்துபவள். பார்வையாளரிடம் காசு வாங்காதீர்கள், முழு மனதோடு ஆதரிக்கிறேன். பார்வையற்றவரும் எழுத்தறியாதவரும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிற மேடை நூலகத்தில்தான் எனக்குக் கிடைத்தது. ஆனால் கட்டணமில்லாத நிகழ்ச்சி என்று சொல்லிக் கலைஞருக்கும் ஊதியமில்லாமல் செய்துவிடுகிறார்களே, அதை யாரும் இங்கே பேசவில்லை. அரை மணி நேரக் கதைக்குப் பின்னால் பல வாரப் பயிற்சி இருக்கிறது. மின்சாரத்துக்குப் பணம் கட்டுகிறார்கள், ஒலிபெருக்கி வாடகை கொடுக்கிறார்கள், பாடுகிறவருக்கு ஒரு சால்வை. இது அநியாயம். கலைஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால் நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

நடுப்பகல்:
மேடைப்பக்கம் அம்மாவின் பேச்சில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். வாஷிங்டனில் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் எலிசபெத் கூலிட்ஜ் என்ற புரவலர் இசைக்கென்றே அறக்கொடை வைத்து, அரங்கும் கட்டிக்கொடுத்தார். 1925 முதல் அங்கே இசை நடக்கிறது. தனியான நிதி இருந்தால் நூல் வாங்கும் பணத்தில் கைவைக்க வேண்டாம், கலைஞரையும் வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம்.

அடிக்குறிப்பு:
அந்த அரங்கு நூலகக் கட்டடத்தின் உள்முற்றம் ஒன்றில் தனியாகக் கட்டப்பட்டது, படிப்பறைக்குள் அல்ல. அந்த ஒரு செய்தியே எனக்குப் போதும். தனி அறை, தனி நிதி, தனி ஆள். இந்த மூன்றும் உள்ள நூலகம் தாராளமாக நடத்தட்டும், நான் எதிர்த்து ஒரு வரி எழுத மாட்டேன். ஆனால் பெரும்பாலான நூலகங்களில் இருப்பது ஒரே கூடம். ஒரு பக்கம் அடுக்கு, ஒரு பக்கம் மேசை. அங்கே என்ன செய்வீர்கள்?

நடுப்பகல்:
அங்கேதான் இது மிகவும் தேவை என்பேன். அரங்கோ கலைக்கூடமோ இல்லாத இடத்தில் அந்த ஒரே கூடம்தான் எல்லாம். மாதம் ஒரு மதியம், முன்கூட்டியே கதவில் ஒட்டிய அறிவிப்பு. அன்று அமைதி இருக்காது என்று தெரிந்தே வருவார்கள். மற்ற நாள் முழுவதும் வாசகருடையது.

ஜன்னலோரம்:
மாதம் ஒரு நாள், முன்பே தெரியும் என்றால் என்னால் ஏற்க முடியும். தேர்வு நெருங்கும் மாதங்களில் மட்டும் நிறுத்திவையுங்கள்.

இரவல் மேசை:
ஒரே கூடம் என்றால் வாரவிடுமுறை நாளில் நடத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்து பார்த்தோம். மதிய இடைவேளையில் வருகிற ஆள் விடுமுறையில் வருவதில்லை, வந்தவர்கள் எல்லாம் ஏற்கெனவே உறுப்பினர்கள்.

அடிக்குறிப்பு:
ஜன்னலோரம் ஏற்கலாம், அவர் உரிமை. நான் ஏற்கவில்லை. அறிவிப்பைப் படித்துவிட்டு வேறு நாள் வர முடிகிறவருக்கு மாதத்தில் ஒரு மதியம் சிறிய இழப்பு. வேறு நாள் வரவே முடியாதவருக்கு அந்த மாதத்தில் நூலகமே இல்லை. ஒரே கூடம் உள்ள இடங்களில் இரண்டாவது அறை கட்டும்படி கேட்டு மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. அறை வரும்வரை அந்தக் கூடத்தில் ஒலிவாங்கி வேண்டாம்.

நடுப்பகல்:
மனுவை நான் எழுதுகிறேன். கலைஞரின் ஊதியமும் கூடுதல் பணியாளரும் அதில் இருக்கும். ஆனால் அறை வரும்வரை வாய்மூடி இருக்கச் சம்மதமில்லை. கூட்டம் வருகிறது என்று காட்டினால்தான் அறையே வரும்.