மென்னோனைட் காலேஜ்ல பாடம் எடுக்கக் கூப்புடுதாங்க, காலிப்பர் போட்டவ போலாமா?

முருகன்குறிச்சி_டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ரெண்டு வயசுல போலியோ வந்து இடது கால்ல காலிப்பர் (காலத் தாங்கிப் பிடிக்க மாட்டுத கம்பிச் சட்டம்), அத வச்சுக்கிட்டே 11 வருசமா பாளையங்கோட்டையில இங்கிலீஷ் எடுக்கேன். இப்ப அமெரிக்காவுல இண்டியானா பக்கம் மென்னோனைட்டுங்கற கிறிஸ்தவ சபைக்காரங்க நடத்துத ஒரு காலேஜ்ல ஒரு வருசம் பாடம் எடுக்க வாங்கன்னு கேக்காங்க. எங்கம்மா என்னன்னா, அவங்க குதிரை வண்டியில போற ஆளுகள்லா, வீட்டுல கரண்டு கூட இருக்காதாமேங்காங்க. நாங்க சி.எஸ்.ஐ, இவங்களப் பத்தி ஒண்ணும் தெரியாது. கால் விசயத்த இப்பவே சொல்லணுமா, போய்ச் சேந்தப்புறம் சொன்னா போதுமா? ராத்திரி தூக்கமே வரமாட்டேங்கு.

டோனாவூர்_தம்பி:
யக்கா, அம்மா சொல்லுதது ஆமிஷ்னு இன்னொரு சபைக்காரங்கள, அவங்க 1693 வாக்குலயே இவங்ககிட்டருந்து தனியாப் பிரிஞ்சுட்டாங்க. மென்னோனைட்லயும் பழைய முறைக்காரங்க உண்டு, ஆனா காலேஜ் நடத்துறவங்க நம்மள மாதிரி காரு, லேப்டாப்புன்னு இருக்கவங்கதான். மென்னோ சைமன்ஸ்னு நெதர்லாந்துல ஒரு பாதிரியார், 1536ல கத்தோலிக்க சபைய விட்டு வந்தவரு, அவரு பேருதான் இது. கைப்புள்ளைக்கு ஞானஸ்நானம் கிடையாது, விவரம் தெரிஞ்சப்புறம்தான், பட்டாளத்துக்குப் போறதும் தப்புன்னு நெனைக்கவங்க. நான் அந்தப் பக்கம் ரெண்டு வருசம் படிச்சேன். நீங்க கொயர்ல பாடுவீங்கன்னா அங்க ரொம்பப் பிடிக்கும், வாத்தியமே இல்லாம நாலு குரல்ல பாடுவாங்க, சபை முழுக்க. பனிதான் கவனம். ஜனவரியில நடைபாதை கண்ணாடி மாதிரி ஆயிரும், ஊன்றுகோல் நுனியில மாட்டுத ஆணி வச்ச கிளிப் விக்காங்க, மொத வாரமே வாங்கிருங்க.

சாந்திநகர்_அண்ணாச்சி:
தங்கச்சி, இப்பவே சொல்லிரு. எனக்கும் கால் ஊனம்தான், இப்ப ரிட்டயர்டு. வேலையில சேந்தப்ப வாயத் தொறந்து கேக்காம விட்டேன், ரெண்டாவது மாடியில கிளாஸ் போட்டுட்டாங்க. 44 படி. ஒரு கை சுவத்துல, ஒரு கையில அட்டெண்டன்ஸ், சாக்பீஸ் சட்டைப்பையில, பெல் அடிக்கதுக்கு பத்து நிமிசம் முன்னாடியே ஏற ஆரம்பிப்பேன், பிள்ளைங்க என்னத் தாண்டி ஓடும். கீழ மாத்திக் குடுங்கன்னு கேக்க வெக்கம், 19 வருசம் ஏறி இடுப்பு போனதுதான் மிச்சம். இப்ப நமக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான 2016 சட்டம் இருக்கு, காலேஜ் கட்டடம் நம்மளால ஏறி இறங்க முடியுத மாதிரி இருக்கணும். அமெரிக்காவுல 1990லயே இது மாதிரி சட்டம் வந்தாச்சு, அதனால நீ கேக்கது சலுகை இல்லம்மா. கிளாஸ் எத்தனாவது மாடி, லிஃப்ட் உண்டா, தங்குத வீட்டுலருந்து எவ்வளவு நடக்கணும், வாசல்ல விழுத பனிய யாரு அள்ளுவா, எல்லாத்தையும் மெயில்ல எழுதிக் கேளு.

முருகன்குறிச்சி_டீச்சர்:
அண்ணாச்சி, அந்த 44 படியப் படிச்சதும் அழுகை வந்துட்டு, நானும் இங்க மூணு வருசமா மாடிதான் ஏறுதேன். இப்பதான் மெயில் அனுப்புனேன், நீங்க சொன்ன நாலு கேள்வியும் போட்டுட்டேன். தம்பி, எனக்கு முழங்கையில மாட்டுத ஊன்றுகோல், அந்தக் கிளிப் இதுக்குப் பொருந்துமா?