சொந்தப் பயன்பாட்டு மின்சார காருக்கு அரசு மானியம் உண்டா?

குடியாத்தம் வாசகர்:
வேலை நிமித்தமாகக் குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு நாள்தோறும் சென்று வரும் நான், ஷோரூம் விலை 12 லட்சம் ரூபாய் உள்ள மின்சார கார் ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். முழுத் தொகையையும் இப்போதே செலுத்திவிட்டால், பதிவு முடிந்த சில மாதங்களில் மத்திய அரசின் மானியம் வங்கிக் கணக்கில் வந்து சேரும் என்று விற்பனையகத்தில் கூறுகிறார்கள். எழுதித் தரச் சொன்னால் மழுப்புகிறார்கள். உண்மையிலேயே அப்படி ஒரு மானியம் இருக்கிறதா? கார் கடன் வட்டிக்கு வருமான வரியில் கழிவு கிடைக்குமா?

காட்பாடி வாசகர்:
இல்லை ஐயா. 2019 ஏப்ரலில் தொடங்கி 2024 மார்ச்சில் முடிந்த ஃபேம் என்ற மத்திய அரசின் மின்சார வாகன மானியத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்திலேயே, கார்களைப் பொறுத்தவரை வாடகைக்கு ஓடுபவற்றுக்கு மட்டும்தான் மானியம் இருந்தது. அதுவும் வாங்கியவர் கணக்குக்கு வந்ததில்லை; விலையிலேயே கழித்துக் கொடுத்துவிட்டு, தயாரிப்பு நிறுவனம் அரசிடம் பெற்றுக்கொண்டது. 2024 அக்டோபரில் வந்த மத்திய அரசின் மற்றொரு மின்சார வாகன ஊக்கத் திட்டமான பி.எம். இ-டிரைவின் 10,900 கோடி ரூபாயில் இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கும் பேருந்து, லாரி, ஆம்புலன்ஸ், சார்ஜிங் நிலையங்களுக்கும் பங்கு ஒதுக்கப்பட்டதே தவிர, கார்களுக்கு இல்லை.

உங்களுக்கு உண்மையான ஆதாயம் வரியில்தான் இருக்கிறது. 2019 ஆகஸ்ட் 1 முதல் மின்சார வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அது நீங்கள் சொன்ன விலைக்குள்ளேயே அடங்கிவிட்டது. பெரிய தொகை சாலை வரி. தமிழகத்தில் 10 முதல் 20 லட்சம் வரை விலையுள்ள பெட்ரோல் காருக்கு ஆயுட்கால வரி 18 சதவீதம் என்பதால், 12 லட்சம் ரூபாய்க் காருக்கு 2,16,000 ரூபாய் ஆகும். மின்சார காருக்கு இதில் முழு விலக்கு அளிக்கப்பட்டு வந்தது. ஆனால் அது காலக்கெடு வைத்த அரசாணைகளால் வருவது, அவற்றுள் ஒன்றின் கெடு 2025 டிசம்பர் 31. ஆகவே, பதிவு செய்யும் நாளில் எந்த ஆணை நடப்பில் இருக்கும் என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

ராணிப்பேட்டை வாசகர்:
கடன் வட்டிக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை கழிவு தந்த வருமான வரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவு, 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டுமே பொருந்தும். புதிதாக வாங்கும் கடனுக்குக் கிடையாது.

'சில மாதங்களில் கணக்கில் வரும்' என்பதைப் படித்ததும் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட எந்தக் காருக்கும், அது பெட்ரோலில் ஓடினாலும், விற்பவர் டி.சி.எஸ். என்ற பெயரில் உங்கள் வருமான வரிக் கணக்கில் சேரும் 1 சதவீதத்தை முன்கூட்டியே வசூலிப்பார், உங்கள் காருக்கு ஏறக்குறைய 12,000 ரூபாய். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதை வரியில் ஈடுசெய்யலாம், மிகுதி இருந்தால் திரும்பவும் பெறலாம். உங்கள் பணத்தையே உங்களுக்குத் திருப்பித் தருவதற்கு மானியம் என்று பெயர் சூட்டுகிறார்களோ என்னவோ!

ஆம்பூர் வாசகர்:
காப்பீட்டையும் கவனியுங்கள். 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 30 முதல் 65 கிலோவாட் வரை திறனுள்ள மின்சார காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டின் ஆண்டுக் கட்டணம் 2,904 ரூபாய். 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள பெட்ரோல் காருக்கோ 3,416 ரூபாய். தொகை சிறிதுதான். எனினும் விலை, டி.சி.எஸ்., காப்பீடு, பதிவுச் செலவு, தள்ளுபடி ஆகியவற்றைத் தனித்தனியே குறித்த விலைப்பட்டியலை முத்திரையுடன் கேட்டு வாங்குங்கள். அதில் எழுதப்படாத மானியத்தை விலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.