தறிப்பட்டறையில் ஓடும் பாட்டுக்கு யாருக்குக் காசு கொடுப்பது?

பல்லடம் தறிக்காரர்:

வணக்கம். பல்லடத்துக்கு அருகே பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) வாங்கிக் கூலிக்கு நெய்யும் விசைத்தறிப் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். தறிச் சத்தத்தை மீறிக் கேட்கும்படி இரண்டு பெரிய ஸ்பீக்கர்களை மாட்டி, பகல் ஷிப்டிலும் இரவு ஷிப்டிலும் பாட்டு ஓடவிட்டிருக்கிறேன். அந்தப் பாடல்கள் எல்லாம் ஒரே பென் டிரைவில் இருக்கின்றன. செல்போன் கடையில் நூறு ரூபாய் கொடுத்து ஏற்றியவை பாதி. என் மகன் பள்ளியில் படித்த காலத்தில் இணையத்திலிருந்து இறக்கித் தந்தவை மீதி.

இப்போது கோவையில் கல்லூரியில் படிக்கும் அதே மகன், சென்ற வாரம் ஊருக்கு வந்தபோது, "ஏனுங்கப்பா, நாம ஓட்டுன துணிக்குக் கூலி தராம ஒருத்தன் மடிச்சு எடுத்துட்டுப் போனா சும்மா விடுவீங்களா?" என்று கேட்டான். துணியை எடுத்தால் இங்கே துணி இருக்காது, பாட்டை இறக்கினால் பாட்டு அங்கேயேதானே இருக்கிறது என்று சொல்லி வைத்தேன். பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் தயாரிப்பாளர் அன்றே கூலி கொடுத்து முடித்திருப்பார். நான் இன்று கொடுக்கும் காசு கம்பெனிக்குத்தான் போகும் என்பதும் என் எண்ணம். இருந்தாலும் என் பதில் எனக்கே முழுதாக ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோபி பழைய கேசட்:

தறிக்காரரே, உங்கள் மகனுக்கு முன்பாக நான்தான் பதில் சொல்ல வேண்டியவன். கோபிச்செட்டிபாளையத்தில் 1987 முதல் பதினைந்து ஆண்டுகள் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தேன். வாடிக்கையாளர் காலி கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டுப் போவார். எந்தப் பாட்டுக்குப் பின் எது வர வேண்டும் என்பதில்கூடச் சண்டை பிடிப்பவர்கள் உண்டு. இசைத்தட்டிலிருந்து பதிந்து கொடுத்து அதற்குப் பணம் வாங்கினேன். அதில் ஒரு ரூபாய்கூடப் பாட்டைப் படைத்தவர்களுக்குப் போகவில்லை. பிறகு நூற்றைம்பது பாட்டு அடங்கிய எம்பி3 தட்டுகள் பேருந்து நிலையத்து நடைபாதையில் வந்து குவிந்தன. என் கடை படுத்தது. விற்றவர்களைத் திருடர்கள் என்று நான் வீட்டில் ஏசியபோது என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஆகையால் யாருக்கும் எதுவும் குறைவதில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் பதிந்து கொடுத்த நாள்களில் என் கடைக் கண்ணாடி அலமாரியிலேயே ஒரிஜினல் கேசட்டுகள் விற்காமல் கிடந்தன. எங்குமே விலைக்குக் கிடைக்காத பழைய பாட்டுக்காகப் பத்து மைல் சைக்கிள் மிதித்து வந்தவருக்குப் பதிந்து கொடுத்ததை மட்டும் இன்றும் தவறாக நினைக்க முடியவில்லை.

ஈரோடு வழக்கறிஞர்:

கூலி கொடுத்து முடிந்துவிட்டது என்ற வாதம் ஒரு காலத்தில் ஓரளவு உண்மையாகவே இருந்தது. படத்துக்காகக் கூலி பெற்று எழுதிய பாட்டுக்கும் இசைக்கும், மாற்று ஒப்பந்தம் இல்லையென்றால், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை 2012இல் திருத்தியபோதுதான், திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படும் இடங்களில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமத்தொகையில் சமபங்கு உண்டு என்றும், அதை அவர்களே நினைத்தாலும் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்றும் வந்தது. எனவே புதிய பாடல்களுக்கு நீங்கள் கொடுக்கும் காசு முழுவதும் கம்பெனிக்கே போகிறது என்று இப்போது சொல்ல முடியாது.

பழைய பாட்டெல்லாம் பொதுச்சொத்து என்று எண்ணுபவர்களுக்கும் ஒரு சொல். ஒலிப்பதிவுக்குப் பாதுகாப்பு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுகள். பாடல் வரிகளுக்கோ எழுதியவர் மறைந்த பின் அறுபது ஆண்டுகள். கண்ணதாசன் 1981இல் மறைந்தார் என்பதால், 1964இல் வெளியான ஒலிப்பதிவுக்குக் காலம் முடிந்துவிட்டாலும், அதில் உள்ள அவருடைய வரிகளுக்கு 2041 வரை உரிமை இருக்கிறது. 1917இல் மறைந்த பாடகி கோயம்புத்தூர் தாயியின் இசைத்தட்டுகளைத் தாராளமாகக் கேளுங்கள், தறிச் சத்தத்தில் அவை எடுபடுமா என்பது வேறு விஷயம். திருமணத்தில் பாட்டுப் போடுவதற்குச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. இரண்டு ஷிப்ட் ஆள்கள் கேட்கும் பட்டறை அந்த விலக்கில் வராது.

காங்கேயம் உடுக்கை:

வழக்கறிஞர் ஐயா சொன்னதில் எங்களைப் போன்றவர்கள் எங்கே இருக்கிறோம் என்று தேடிப் பார்த்தேன். நாங்கள் கொங்கு நாட்டு வாய்மொழிக் கதையான அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்து இரவு முழுவதும் பாடுகிறவர்கள். கதை எங்களுடையது அன்று, ஊருடையது. ஆனால் தொண்டை எங்களுடையது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கோயிலில் நாங்கள் பாடியதை யாரோ செல்போனில் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார். அடுத்த ஆண்டு வேறோர் ஊரில் கூலி பேசப் போனபோது, "போன்லயே இருக்குதுங்க, ஸ்பீக்கர்ல போட்டுக்கறோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பாட்டு அங்கேயேதான் இருந்தது, எங்களுக்குத்தான் அந்த இரவு இல்லாமல் போயிற்று.

பதிவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1965இல் பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் எங்கள் பக்கத்தில் தங்கி இந்தக் கதையை ஒலிநாடாவில் பதிந்ததால்தான் அந்தக் காலத்துப் பாடும் முறை இன்றும் கேட்கக் கிடைக்கிறது. கேட்காமல் எடுப்பதுதான் வலிக்கிறது. இப்போது நாங்களே நல்ல மைக் வைத்துப் பதிந்து, பென் டிரைவில் ஏற்றி, முந்நூறு ரூபாய்க்குத் திருவிழாக்களில் விற்கிறோம்.

பல்லடம் தறிக்காரர்:

எல்லோருக்கும் நன்றி. 2022இல் கூலி உயர்வு கேட்டு நாங்கள் தறிகளை வாரக்கணக்கில் நிறுத்தி உட்கார்ந்திருந்தோம். அப்போது துணியும் ஊரும் அங்கேயேதான் இருந்தன, எங்களுக்குத்தான் கட்டுப்படியான கூலி இல்லை. இதை மகனிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை. புதுப் பாட்டுகளை இனி அந்தச் செல்போன் கடையில் ஏற்றப்போவதில்லை. பட்டறையில் முறையாகப் போட எங்கே உரிமம் வாங்குவது என்று வழக்கறிஞர் ஐயா தனியாகச் சொன்னால் உதவியாக இருக்கும். பழைய பென் டிரைவை இன்னும் கழற்றவில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை, இரவு ஷிப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது.

காங்கேயத்து ஐயாவுக்கு: மாசித் திருவிழா வரை காத்திராமல் உங்கள் பதிவை இப்போதே வாங்க வழியுண்டா? இரண்டு வேண்டும். ஒன்று பட்டறைக்கு, ஒன்று மகனுக்கு.