ஈரமான விளையாட்டு உடைக்கு வலைப் பை தைத்தேன். தையலும் நிற்கவில்லை, நாற்றமும் போகவில்லை. உதவுங்கள்!

காலை_ஷட்டில் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வாரத்தில் நான்கு நாள் காலை ஐந்தரைக்கு ஷட்டில் ஆடப் போகிறேன். ஏழே காலுக்கு முடித்து, அங்கேயே குளித்துவிட்டு வண்டியில் நேராக அலுவலகம். வீடு திரும்ப இரவு எட்டு ஆகிவிடும். அதுவரை நனைந்த டி-ஷர்ட், ஷார்ட்ஸ், சாக்ஸ், துண்டு எல்லாம் பைக்குள்தான். கொடியில் போட்ட துணியே இரண்டு நாள் காயாத சென்னை ஐப்பசியில் இதன் கதி என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. பையைத் திறந்தால் வீட்டில் எல்லோரும் அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்கள்.

கடையில் விற்கும் பைகளில் பேருக்கு இரண்டு ஓட்டைதான் இருக்கிறது. சரி, நாமே தைப்போம் என்று வீட்டில் கிழிந்து கிடந்த கொசுவலையை (நைலான்) வெட்டி, 12 அங்குல அகலம், 16 அங்குல உயரத்தில் சுருக்குப்பை மாதிரி ஒன்று தைத்தேன். ஓரங்களுக்குக் காட்டன் நாடா. மிஷின் அம்மாவின் பழைய கறுப்பு மிதி மிஷின்.

சிக்கல்கள்:

முதலாவது, தைக்க ஆரம்பிக்கும்போது வலை ஊசியோடு சேர்ந்து கீழே ஓட்டைக்குள் போய்விடுகிறது. இழுத்து எடுத்தால் அடியில் நூல் குருவிக்கூடு. நடுவில் தையல் விட்டுவிட்டு விழுகிறது.

இரண்டாவது, எப்படியோ தைத்து முடித்தும் மூன்றாம் நாளே பக்கத் தையல் வாய் பிளந்துவிட்டது. நூல் அறவில்லை. வலைதான் தையலிலிருந்து நழுவி வெளியே வந்திருக்கிறது.

மூன்றாவதுதான் பெரியது. சுற்றிலும் ஓட்டை இருந்தும் நாற்றம் அப்படியே. காட்டன் நாடாவில் கரும்புள்ளி வேறு விழுந்துவிட்டது. எங்கே தப்பு?

—

சும்மா_ஒருத்தன்:

ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கி முடிச்சுப் போடுங்கள். வேலை முடிந்தது.

காலை_ஷட்டில்:

இரண்டு வருஷமாக அதைத்தான் செய்தேன் சகோ. அதனால்தான் இங்கே வந்திருக்கிறேன்.

—

பாபின்_ராசா:

தையலை மட்டும் நான் சொல்கிறேன். நாற்றம் என் இலாகா இல்லை.

தையல் ஏன் விட்டுப்போகிறது தெரியுமா? ஊசி கீழே போய் மேலே கிளம்பும் நொடியில் அதன் காதுக்குப் பின்னால் நூல் சின்னதாக ஒரு வளையம் விடும். மிஷினுக்கு அடியில், பாபின் இருக்கும் ஷட்டிலின் மூக்கு அந்த வளையத்தைப் பிடித்தால்தான் தையல். கொசுவலை மாதிரி லேசான துணி ஊசியோடு சேர்ந்து மேலே எழும்புகிறது. துணி எழும்பினால் வளையம் விழாது, மூக்கு காற்றைத்தான் பிடிக்கும்.

மருந்து சுலபம். அடியில் ஒரு காகிதம் வைத்துச் சேர்த்துத் தையுங்கள், முடித்ததும் கிழித்து எடுத்துவிடலாம். செய்தித்தாள் வேண்டாம், மை வலையில் ஒட்டும். ஊசி எத்தனாம் நம்பர்? பழைய மிஷினில் பெரும்பாலும் ஜீன்ஸ் தைத்த 16 அல்லது 18 அப்படியே கிடக்கும். புதிதாக 11 போடுங்கள். நாடாவும் சேர்ந்து கனமானால் 14. கடையில் வாங்கும்போது வீட்டு மிஷினுக்கு என்று சொல்லி வாங்குங்கள். ஒரு பக்கம் தட்டையான காம்பு இருக்கவேண்டும். உருண்டைக் காம்பு பவர் மிஷினுக்கு. மாட்டும்போது ஊசியில் நீளமான பள்ளம் இருக்கும் பக்கம், நூல் நுழையும் பக்கத்தைப் பார்த்திருக்கட்டும்.

இன்னொன்று. ஆரம்பிக்கும்போது மேல்நூல், கீழ்நூல் இரண்டையும் நான்கு விரல் நீளம் விட்டு, பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு முதல் நான்கைந்து தையலைக் கையால் சக்கரம் சுற்றிப் போடுங்கள். குருவிக்கூடு கட்டாது.

காலை_ஷட்டில்:

ஊசியைக் கழற்றிப் பார்த்தேன். 18! முனை வேறு மழுங்கியிருக்கிறது. அம்மா எப்போது மாட்டியதோ. மெல்லிய காகிதத்துக்கு எங்கே போவது?

பாபின்_ராசா:

வீட்டில் தினம் கிழிக்கும் காலண்டர் இல்லையா? அந்தத் தாள்தான் கச்சிதம். நான் பத்து வருஷமாக ராகுகாலம், எமகண்டத்தின் மேல்தான் ஷிஃபான் தைக்கிறேன்.

—

ஈரோட்டு_அத்தை:

கண்ணு, வலை நழுவினது உன் தப்பு இல்லை, வலையோட குணம். கொசுவலையில் ஓட்டைதான் அதிகம், நூல் கொஞ்சம். நீ போடுகிற தையலில் பாதி ஓட்டைக்குள்ளே விழுகிறது. பிடிக்க அங்கே என்ன இருக்கிறது? ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் தைத்திருப்பாய், சரியா?

வலையின் ஓரத்தை முதலில் அரை அங்குலம் மடி. இரண்டு மடிப்பாக ஆகட்டும். ஓர் அங்குல நாடாவை நீளவாக்கில் இரண்டாக மடித்து, அந்த வலை மடிப்பை அதன் நடுவில் சாண்ட்விச் மாதிரி வைத்து, இரண்டு வரிசை தையல் போடு. அங்குலத்துக்கு 8 லிருந்து 10 தையல் போதும். நெருக்கித் தைத்தால் நைலான் இழையை ஊசி அறுத்துவிடும்.

நாடா காட்டன் வேண்டாம். பாலியெஸ்டர் நாடா, பாலியெஸ்டர் நூல். நான் தையல் வகுப்பு எடுத்த காலத்தில் ஈரம் படுகிற பொருளுக்குக் காட்டன் நூல் போடவே விடமாட்டேன். இற்றுப்போய்விடும். ஜிப் வைப்பதானால் நைலான் ஜிப் வை. இரும்புப் பல் ஜிப் வியர்வை உப்பில் துரு ஏறி அடுத்த மாசமே திறக்காது.

—

திருப்பூர்_பனியன்:

அத்தை சொன்னது சரி. காட்டன் சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு ஈரத்தை உள்ளே வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டரில் அது அரை சதவீதம்கூட இல்லை. முதலில் நாடாவில் கரும்புள்ளி விழுந்ததும் அதனால்தான்.

ஆனால் கொசுவலைக்குப் பதில் ஸ்போர்ட்ஸ் ஜெர்சி தைக்கும் டாட் நெட் துணி வாங்கலாமே? எங்கள் ஊர் காதர்பேட்டையில் கட்பீஸ் கிலோ கணக்கில் கிடைக்கும். சென்னை என்றால் கோடவுன் தெருப் பக்கம் விசாரியுங்கள். ஓரம் பிரியாது, கையில் மிருதுவாக இருக்கும்.

ஈரோட்டு_அத்தை:

மிருதுதான் தம்பி சிக்கல். டாட் நெட் பின்னல் துணி, இழுத்தால் நீளும். ஈரத் துணி கனத்தில் பை தொப்பை போட்டுவிடும். விறைப்பான கொசுவலைதான் வடிவம் நிற்கும். அதிலும் அந்தப் பொண்ணிடம் ஏற்கெனவே வலை இருக்கிறது. எதற்குக் காசு?

—

நாத்தம்_ஏன்:

மூன்றாவது சிக்கலுக்கு நான் வருகிறேன். வியர்வைக்கு அதுவாக வாடை கிடையாது என்றே சொல்லலாம். தோலில் இருக்கும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போது வருவதுதான் இந்த வாடை. ஈரமும் வெதுவெதுப்பும் இருக்கும்வரை அவை பெருகும். ஆக, துணியை எவ்வளவு சீக்கிரம் உலர்த்துகிறோம் என்பதுதான் கணக்கு, பையில் எத்தனை ஓட்டை என்பது அல்ல. உங்கள் பை சுருக்குப்பை. உள்ளே துணி எப்படி இருக்கும்?

காலை_ஷட்டில்:

...உருண்டையாகத்தான். சுருட்டித் திணித்துவிட்டு நாடாவை இழுப்பேன்.

நாத்தம்_ஏன்:

அந்தப் பையை எங்கே வைப்பீர்கள்?

காலை_ஷட்டில்:

ஆபீஸ் பைக்குள். அது ரெக்சின். 😐

நாத்தம்_ஏன்:

புரிந்திருக்கும். வலைப் பையைக் காற்றுப் புகாத பைக்குள் வைத்தால் அது வெறும் அலங்காரம். வெளியே எடுத்து வைத்தாலும் உருண்டையின் மேல் பக்கம் மட்டும் காயும், நடுவில் அப்படியே நசநசப்புதான். துணி விரிந்திருக்கவேண்டும், இரண்டு பக்கமும் காற்று ஓடவேண்டும். பைக்குள் போடும் முன் உலர்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி முறுக்கிப் பிழியுங்கள், பாதி ஈரம் அங்கேயே போய்விடும். துண்டைத் தனியாக வையுங்கள்.

—

அடுக்குமாடி_2B:

அந்துருண்டை இரண்டு போட்டால் போதுமே?

நாத்தம்_ஏன்:

தயவுசெய்து வேண்டாம். அது பூச்சிக்கு மருந்து, பாக்டீரியாவுக்கு அல்ல. தோலில் ஒட்டும் உடைக்கு அது நல்லதில்லை. பிறவியிலேயே ஜி6பிடி என்சைம் குறைவாக உள்ளவர்களுக்கு அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் ரத்த அணுக்களை உடைத்துவிடும். வெட்டிவேர் வைத்தால் மணக்கும், ஆனால் நாற்றத்தோடு சேர்ந்து மணக்கும்.

—

ஈரோட்டு_அத்தை:

ஒரு யோசனை தோன்றியது கண்ணு. கல்யாணப் பட்டுப்புடவைக்கும் கோட்டுக்கும் உறை போட்டு ஹேங்கரில் தொங்கவிடுகிறோம் இல்லையா, அந்த மாதிரி தை. அகலம் 15, உயரம் 26 அங்குலம். பக்கவாட்டில் சுற்றி 3 அங்குலப் பட்டை வைத்தால் உள்ளே இடம் இருக்கும். முழுக்க வலை. மேலே நடுவில் ஒரு ஓட்டை விட்டு, சின்னப் பிள்ளைகள் ஹேங்கர் ஒன்றின் கொக்கி அது வழியாக வெளியே வரட்டும். பெரிய ஹேங்கர் 15 அங்குலத்துக்குள் அடங்காது. டி-ஷர்ட்டை ஹேங்கரில் மாட்டு, ஷார்ட்ஸைக் குறுக்குக் கம்பியில் போடு. கீழே சாக்ஸுக்கு உள்பக்கமாக இரண்டு சின்னப் பை, ஒன்றுக்கு ஒன்று. முன்பக்கம் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஜிப்.

வண்டியில் வரும்போது நடுவில் இரண்டாக மடித்துக்கொள். ஆபீஸில் தொங்கவிடு.

காலை_ஷட்டில்:

அத்தை, கும்பிடுகிறேன். ஆனால் மடித்து எடுத்துப்போனால் ஆபீஸ் பை நனையாதா? லேப்டாப் இருக்கிறது.

ஈரோட்டு_அத்தை:

பழைய குடை இருக்கிறதா? கம்பி போன குடை எல்லா வீட்டிலும் பரண்மேல் ஒன்றாவது இருக்கும். துணியைக் கழற்றி, நடு ஓட்டைக்கு ஒரு ஒட்டுப் போட்டு, பின்பக்கத்துக்கு வலைக்குப் பதில் அதை வை. மடிக்கும்போது குடைத்துணி வெளியே வரும்படி மடி.

—

காலை_ஷட்டில் (பத்து நாள் கழித்து):

தைத்துவிட்டேன்! காலண்டர் தாள் அற்புதம். ஒரு தையல்கூட விட்டுப்போகவில்லை. வலை அடியில் போகவே இல்லை. கிழித்தபோது தையலோரத்தில் துணுக்கு ஒட்டியிருந்தது, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டினேன், வந்துவிட்டது. இரட்டை வரிசைத் தையல் இழுத்துப் பார்த்தாலும் அசையவில்லை.

அலுவலகத்தில் லிஃப்ட் பக்கத்து ஜன்னல் கிரில்லில் தொங்கவிடுகிறேன். முதல் நாள் காவலாளி அண்ணன் "மேடம், இது என்ன மீன் வலையா?" என்று கேட்டார்.

நாற்றம் முக்கால்வாசி போய்விட்டது. டி-ஷர்ட்டின் முன்பக்கம் மதியத்துக்குள் காய்கிறது. பின்பக்கம் மட்டும் சாயங்காலம் வரை ஈரம். குடைத்துணியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதையும் சரி செய்ய வழி உண்டா?

ஈரோட்டு_அத்தை:

தப்பு என்னுடையது கண்ணு. நனையக்கூடாது என்று யோசித்தேன், காயவேண்டும் என்பதை மறந்துவிட்டேன். பின்பக்கத் தையலைப் பிரி. அங்கேயும் வலையே வை. குடைத்துணியை அதன்மேல் தனியாக, மேல் ஓரத்தில் மட்டும் பிடித்துத் தை. பாவாடை மாதிரி தொங்கட்டும். இரண்டு பக்கமும் நாடா வை. தொங்கவிடும்போது திண்ணையில் தட்டியைச் சுருட்டிக் கட்டுவோமே, அப்படிச் சுருட்டி மேலே கட்டிவிடு. கிளம்பும்போது அவிழ்த்துவிட்டால் பையைச் சுற்றி மூடிக்கொள்ளும்.

பாபின்_ராசா:

பிரிக்கும்போது வலையைக் கத்திரிக்கோலால் குத்தாதீர்கள். கீழ்நூலை ஐந்தாறு தையலுக்கு ஒன்றாக வெட்டிவிட்டு, மேல்நூலை மறுபக்கம் இழுங்கள். முழுசாக உருவிக்கொண்டு வந்துவிடும்.

நாத்தம்_ஏன்:

பையையும் வாரம் ஒருமுறை சோப்புப் போட்டு அலசுங்கள். துணி துவைத்தபின் ஊற்றும் வாசனைத் திரவத்தை விளையாட்டு உடைக்கு விட்டுவிடுங்கள். அது இழைமேல் படலமாகப் படிந்து, ஈரம் வெளியேறுவதை மெதுவாக்கும்.

—

காலை_ஷட்டில் (மேலும் ஐந்து நாள்):

தட்டி யோசனை பலித்தது. நேற்று மழை கொட்டியும், சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொட்டுப்பார்த்தால் டி-ஷர்ட் முன்னும் பின்னும் காய்ந்திருந்தது. சாக்ஸ் மட்டும் கணுக்கால் பக்கம் லேசாக ஈரம். சாக்ஸ் பையைக் கீழேயிருந்து மேலே மாற்றினால் காற்று படுமா, அத்தை? பக்கத்து இருக்கை நண்பர் தன் பையனின் ஃபுட்பால் உடைக்கு ஒன்று கேட்கிறார். காலில் கட்டும் ஷின் கார்டும் அதிலேயே போகவேண்டுமாம்.

ஈரோட்டு_அத்தை:

சாக்ஸுக்குப் பையே வேண்டாம் கண்ணு, ஹேங்கரில் இரண்டு கிளிப் மாட்டித் தொங்கவிட்டுவிடு. ஷின் கார்டின் நீளத்தை அளந்து சொல்லச் சொல். பிறகு பார்ப்போம்.