நாளை இரவு ஜெமினிட் போட்டி: பிங் கேட்கிறது, டிகோட் ஒன்றுகூட இல்லை. அவசரம்!

இசார்க்கரை | டிச. 12, 20:40
வணக்கம். நாளை இரவு ஜெமினிட் எரிகல் மழையின்போது 2 மீட்டர் (144 மெகாஹெர்ட்ஸ்) ஹாம் ரேடியோவில் மீட்டியர் ஸ்கேட்டர் போட்டி, அதாவது எரிகல் தடத்தில் அலையைத் தெறிக்கவைத்துத் தொடர்பு கொள்வது. எனக்கு இதுதான் முதல் முறை. இரண்டு நாளாக உட்கார்ந்து கேட்கிறேன், ஒரு டிகோட்கூட வரவில்லை, கணினி எந்தச் செய்தியையும் படித்துக் காட்டவில்லை. ஆனால் ஸ்பீக்கரில் பிங் (தடத்தில் தெறித்து வரும் சிறு சத்தம்) நன்றாகவே கேட்கிறது. செட்டிங் எல்லாம் சரிதான். சிக்னலைப் பெருக்க ப்ரீஆம்ப் மாட்டினால் சரியாகுமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஊட்டி_யாகி | டிச. 12, 20:52
எந்த ஊரில் இருக்கிறீர்கள்? எந்த மோட், எந்த அலைவரிசை? ஆன்டெனா படுக்கையாகவா, நிமிர்த்தியா? எத்தனை வாட்? இதையெல்லாம் சொல்லாமல் ப்ரீஆம்ப் வாங்கலாமா என்றால் யாராலும் பதில் சொல்ல முடியாது. நிமிர்த்தி வைத்த ரிப்பீட்டர் ஆன்டெனா என்றால் பிரச்சினை அங்கேயேதான். மீட்டியருக்கு எல்லாரும் படுக்கை வாட்டத்தில்தான் வைத்திருப்பார்கள்.

குவார்ட்ஸ் | டிச. 12, 21:10
கணினிக் கடிகாரம். வேறு எதையும் தொடுவதற்கு முன் அதைப் பாருங்கள். நான் பார்த்தவரை பத்தில் ஒன்பது பேருக்குக் கடிகாரம்தான்.

பழைய_மோர்ஸ் | டிச. 12, 21:34
தம்பி, போட்டிக்கு முந்தின நாள் வந்து கேட்கிற விஷயமா இது? முதலில் அடிப்படையைத் தெரிந்துகொள்ளுங்கள். மணல் அளவே உள்ள துகள் 80 முதல் 110 கிலோமீட்டர் உயரத்தில் எரிந்து அயனித் தடம் போடுகிறது. உங்கள் அலை அதில் பட்டுத் தெறிக்கிறது. 144-ல் அந்தத் தடம் பெரும்பாலும் அரை நொடிகூட நிற்காது. இதைப் புரிந்துகொண்டவர் "செட்டிங் எல்லாம் சரி" என்று ஒரு வரியில் எழுதமாட்டார். கையேட்டை முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

ஆறு_மீட்டர் | டிச. 12, 21:50
என் அனுபவத்தில், புதிதாக வருபவர்கள் 50 மெகாஹெர்ட்ஸில் தொடங்குவதுதான் நல்லது. தடம் தாக்குப்பிடிக்கும் நேரம் அலைநீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 144-ல் கால் நொடி இருக்கும் பிங் 50-ல் இரண்டு நொடி நிற்கும். கிட்டத்தட்ட எட்டு மடங்கு. அங்கே டிகோட் ஆகிறதா என்று பாருங்கள்.

இசார்க்கரை | டிச. 12, 23:05
மன்னிக்கவும், அலுவலகத்திலிருந்து அவசரமாகப் போட்டுவிட்டேன். இருப்பது மியூனிக், வரைபடக் கட்டம் ஜேஎன்58. மோட் எம்எஸ்கே144 (எரிகல் தொடர்புக்கான டிஜிட்டல் மோட்), 144.360, 15 நொடி பீரியட் (ஒருவர் அனுப்ப மற்றவர் கேட்க, மாறி மாறி). 50 வாட், கூரை மேல் 9 எலிமென்ட் யாகி ஆன்டெனா, படுக்கையாகத்தான். லண்டன் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். இதே கணினியில் எச்எஃபில் (குறைந்த அலைவரிசைகளில்) எஃப்டி8 என்ற டிஜிட்டல் மோட் தினமும் ஓடுகிறது, அதற்கும் சரியான நேரம் வேண்டும், அதனால் கடிகாரம் சரிதான். இன்னும் ஒன்றும் அனுப்பவில்லை, கேட்க மட்டும் செய்கிறேன். போட்டி 144-ல் மட்டும்தான், 50-க்குப் போக முடியாது.

குவார்ட்ஸ் | டிச. 12, 23:12
எஃப்டி8 ஓடினாலும் ஒருமுறை சரிபாருங்கள். அனுப்பத் தொடங்கும்போது முதல் பீரியடா இரண்டாவதா என்பதும் முக்கியம். ஐரோப்பாவில் வடக்கையும் மேற்கையும் பார்த்து அனுப்புகிறவர்களுக்கு 1, 3, 5-ஆம் பீரியட். தெற்கும் கிழக்கும் பார்ப்பவர்களுக்கு 2, 4, 6. லண்டன் பக்கம் என்றால் உங்களுக்கு முதல் பீரியட். மாற்றிப் போட்டால் அவர்கள் அனுப்பும்போது நீங்களும் அனுப்பிக்கொண்டிருப்பீர்கள்.

ஊட்டி_யாகி | டிச. 12, 23:30
எஃப்டி8 டிகோட் ஆகிறது என்றால் கடிகாரம் பிரச்சினை இல்லை, அதை விட்டுவிடலாம். பிங் காதில் கேட்கிறது என்றால் ப்ரீஆம்பும் தேவையில்லை. சிக்னல் உங்களிடம் வந்துவிட்டது. ரேடியோவுக்கும் மென்பொருளுக்கும் நடுவில்தான் எங்கோ தொலைகிறது.

நாளைக்கு ஒன்று. ஜெமினிட் கதிர்ப்புள்ளி (எரிகற்கள் கிளம்புவதுபோல் தெரியும் இடம்) புனர்பூசத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் ஊரில் அது அந்தி சாய்ந்ததும் எழும்பி, இரவு 2 மணி வாக்கில் உச்சிக்குக் கிட்டே போய்விடும். உச்சியில் இருக்கும்போது வானத்தில் எரிகற்கள் நிறையத் தெரியும், ஆனால் தொடர்பு குறைந்தாலும் குறையும். தடம் செங்குத்தாக விழுந்தால் அலை உங்கள் பக்கம் தெறிக்க வாய்ப்பு குறைவு. அந்த நேரத்தில் சோர்ந்துபோய் எழுந்துவிடாதீர்கள்.

ஓஸ்லோ_தம்பி | டிச. 13, 00:20
அண்ணை, வாட்டர்ஃபாலில் (மென்பொருள் காட்டுற அலைவரிசைப் படத்தில்) இரைச்சல் எவ்வளவு அகலத்துக்குத் தெரியுது எண்டு பாருங்கோ. 300-இலிருந்து 2700 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஒரே சீராய் நிரம்பியிருக்கோணும். படம் போட ஏலாட்டில் சொல்லில் எழுதுங்கோ.

இசார்க்கரை | டிச. 13, 00:31
நடுவில் மட்டும் மஞ்சள். 1250-லிருந்து 1750 வரை இருக்கும். இருபக்கமும் கறுப்பு. அது அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

ஓஸ்லோ_தம்பி | டிச. 13, 00:38
அதுதான் அண்ணை! ரேடியோவில் 500 ஹெர்ட்ஸ் ஃபில்டர் போட்டிருக்கு. எஃப்டி8 சிக்னல் ஒவ்வொண்டும் 50 ஹெர்ட்ஸ்தான், இடுக்குக்குள்ளாலும் வந்துவிடும். எம்எஸ்கே144 அப்படி இல்லை. ஒரு ஃப்ரேம் முழுக்க 72 மில்லிநொடிக்குள் முடிய வேண்டியிருக்கிறதால் கிட்டத்தட்ட 2400 ஹெர்ட்ஸ் அகலம் எடுக்கும். நீங்கள் அதில் அஞ்சில் ஒரு பங்கைத்தான் மென்பொருளுக்குக் குடுக்கிறீங்கள். காதுக்குச் சத்தம் கேட்கும், டிகோட் ஆகவே ஆகாது. ஃபில்டரை முழுசாய்த் திறவுங்கோ. நாய்ஸ் ரிடக்ஷன் போட்டிருந்தால் அதையும் நிப்பாட்டுங்கோ, சின்னப் பிங்கை அது இரைச்சல் எண்டு தின்றுபோடும்.

பழைய_மோர்ஸ் | டிச. 13, 07:15
நான் சொன்ன கையேட்டிலேயே இது இருக்கிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். பிங் காதில் கேட்கிறது, கணினி படிக்கவில்லை, அதனால் தொடர்பே இல்லை என்றாகிவிட்டது. நான் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவன். எண்பதுகளில் ஹாம்பர்க்கில் கப்பல் நின்றபோது ஒரு ஜெர்மன் நண்பர் வீட்டில் பார்த்திருக்கிறேன். நிமிடத்துக்கு 600, 800 எழுத்து வேகத்தில் மோர்ஸ் வரும். டேப்பில் பதிந்து, ஓட்டத்தைக் குறைத்து, காதால் கேட்டு எழுதுவார். ஒரு தொடர்பு முடிய ஒரு மணி நேரம் ஆகும். இரண்டு மூன்று எழுத்தாகத் துண்டு துண்டாகக் கிடைக்கும். கடைசி ரோஜர் ("கிடைத்தது" என்ற உறுதி) வந்ததும் அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. அதுதான் மீட்டியர் தொடர்பு.

ஆறு_மீட்டர் | டிச. 13, 08:02
ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் இதை ஏற்க முடியாது. 1954-ல் டபிள்யூ4ஹெச்ஹெச்கே, டபிள்யூ2யூகே என்ற அழைப்புக்குறி கொண்ட இருவர் 144-ல் முதன்முதலாக விண்கல் வழியே தொடர்பு செய்தார்கள். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெரிய ஆன்டெனாவும் ஆற்றலும் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? 2001-ல் ஜோ டெய்லர் டபிள்யூஎஸ்ஜேடியைக் கொண்டுவந்த பிறகுதான் சின்ன வீட்டில் இருப்பவனும் 50, 100 வாட்டில் இதற்குள் வர முடிந்தது. பல்சார் ஆய்வுக்காக 1993-ல் நோபல் வாங்கியவர், நமக்காக உட்கார்ந்து எழுதிக் கொடுத்த மென்பொருள் அது.

பழைய_மோர்ஸ் | டிச. 13, 08:40
மென்பொருளைக் குறை சொல்லவில்லை. பக்கத்துத் திரையில் சாட் திறந்து வைத்து "கேட்டதா, கேட்டதா" என்று தட்டுகிறார்களே, அதைச் சொல்கிறேன். போட்டியில் அது எப்படிச் செல்லும்?

ஊட்டி_யாகி | டிச. 13, 09:05
இதில் நான் ஐயா பக்கம்தான். நேரம், அலைவரிசை, யார் முதல் பீரியட் என்பதைச் சாட்டில் பேசிக்கொள்வது தவறில்லை. தொடங்கிய பிறகு அழைப்புக்குறி, ரிப்போர்ட் (சிக்னல் மதிப்பீடு), ரோஜர் மூன்றும் வானத்து வழியேதான் வரவேண்டும். "உன் ரோஜர் வந்துவிட்டது" என்று சாட்டில் எழுதிய நொடியே அந்தத் தொடர்பு செத்துவிட்டது. பாதியில் நின்றுபோன தொடர்புகளை நான் லாகில் (தொடர்புப் பதிவேட்டில்) எழுதுவதே இல்லை. இங்கே ஊட்டியில் 2 மீட்டரில் பதில் சொல்ல ஆள் கிடைப்பதே அரிது. டெல்லி எனக்கு 1,900 கிலோமீட்டர், எரிகல் வழியே எட்டும் எல்லைக்குள்தான் இருக்கிறது. அதற்காகவே காத்திருக்கிறேன்.

ஆறு_மீட்டர் | டிச. 13, 09:20
அதற்கு எனக்கும் சம்மதம். ஆனால் சாட் வேறு, கணினி வேறு. ஐயா இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்.

பழைய_மோர்ஸ் | டிச. 13, 09:41
கலக்கவில்லை. ஒன்றிலிருந்துதான் மற்றொன்று வந்தது. தனி இழை போடுங்கள், விவரமாகவே பேசலாம்.

குவார்ட்ஸ் | டிச. 13, 22:10
இசார்க்கரை, போட்டி தொடங்கும் முன் கடிகாரத்தை ஒருமுறை ஒத்திசைத்துவிடுங்கள்.

இசார்க்கரை | டிச. 14, 11:35
ஃபில்டர்தான். போன வாரம் சிடபிள்யூ (மோர்ஸ்) கேட்டபோது 2 மீட்டர் மெமரியில் 500 என்று சேமித்திருக்கிறேன். எச்எஃபில் அகலமாக இருந்ததால் கவனிக்கவில்லை. திறந்த 10 நிமிடத்தில் முதல் டிகோட். இரவு முழுக்க 14 தொடர்பு. அதிக தூரம் எடின்பரோ பக்கம், 1,300 சொச்சம் கிலோமீட்டர். 2 மணிக்கு நிஜமாகவே மந்தமாகிவிட்டது, 4-க்கு மேல் திரும்ப வந்தது. எல்லாருக்கும் நன்றி. தூங்கப் போகிறேன்.

ஓஸ்லோ_தம்பி | டிச. 14, 13:20
நல்ல சந்தோஷம் அண்ணை. ஜனவரி 3, 4-ல் குவாட்ரன்டிட் எரிகல் மழை வருது. உச்சம் சில மணித்தியாலம்தான் நிக்கும், தவறவிடாதேங்கோ. மியூனிக்கிலிருந்து இங்கை 1,300 கிலோமீட்டர். யாகியை வடக்கே திருப்பி வையுங்கோ, முதல் பீரியட் உங்களுக்கு. 4-ஆம் தேதி விடிய 5 மணிக்கு 144.360-ல் நான் இருப்பன்.