நாய், பூனை மருத்துவத்தில் ஆசிரியர் ஆக எந்த வழி?

வணக்கம். எனக்கு வயது 33. கோவையில் ஒரு பெட் கிளினிக்கில் 4 வருடமாக வேலை செய்கிறேன். பி.வி.எஸ்சி. (கால்நடை மருத்துவ இளநிலைப் பட்டம்) முடித்து கிளினிக்கல் மெடிசினில் எம்.வி.எஸ்சி. (முதுநிலை) படித்தேன், ஆய்வு நாய்களின் நாள்பட்ட சிறுநீரக நோய் பற்றியது. பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு ஸ்கேன் பார்க்கச் சொல்லித்தரும் நேரம்தான் எனக்குப் பிடித்த நேரம். அதனால்தான் கல்லூரி வேலைமேல் இவ்வளவு ஆசை.

2022-ல் உதவிப் பேராசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வான நெட் தேறினேன். உதவிப் பேராசிரியர் நேர்காணல் இரண்டுக்குப் போனேன்; இரண்டிலும் பிஎச்.டி. முடித்தவர்களையே எடுத்தார்கள். அமெரிக்காவில் சிறப்பு மருத்துவர் ஆவதற்கு முதல் படியான ரொட்டேட்டிங் இன்டர்ன்ஷிப்புக்கு (பல பிரிவுகளில் மாறி மாறிப் பயிற்சி) இரண்டு முறை விண்ணப்பித்தும் இடம் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அந்த 1 வருடம், அப்புறம் 3 வருட ரெசிடென்சி (ஒரே துறையில் சிறப்புப் பயிற்சி), சிறப்பு மருத்துவர் தகுதிக்கான போர்டு தேர்வு என்று நீளும். இங்கே பிஎச்.டி. குறைந்தது 3 வருடம். ஆனால் நம் மெடிசின் துறையில் மாடு, ஆடு, நாய் எல்லாம் ஒன்றாகத்தானே வரும்? கைடு மாட்டு நோய்த் தலைப்பு கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்க இன்னும் 3 வாரம்தான் இருக்கிறது.

இந்தத் துறையில் ஆசிரியராக இருக்கும் சார், மேடம் யாராவது சொல்லுங்கள்: இப்போதே இங்கு பிஎச்.டி. சேரட்டுமா, இன்னொரு முறை இன்டர்ன்ஷிப்புக்கு முயலட்டுமா?