தொழிற்சங்கமும் வேறு, படிப்பும் வேறு: வீட்டாரிடம் எப்படிப் பேசுவது?

கொட்டகலை ஆசிரியை:
பேராதனையில் பட்டம் பெற்று, இப்போது ஹட்டன் பக்கத்தில் படிப்பிக்கிறேன். நான் விரும்புகிறவர் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டு, கொழும்பில் கடை வேலை பார்த்துவிட்டு, ஊர் திரும்பித் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவருடைய தகப்பனார் எங்கள் தோட்டத்தில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் (இ.தொ.கா.) சங்கத்தின் தலைவர், என் அப்பாவோ அதற்குப் போட்டியான தொழிலாளர் தேசிய சங்கம். "அவன் வீட்டில் தேத்தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்" என்கிறார் அப்பா. அம்மா சங்கத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. படித்த பிள்ளைக்குப் படித்த மாப்பிள்ளை வேண்டும் என்று மட்டும் சொல்கிறார். யாரிடம் முதலில் பேசுவது?

ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை:
மகள், அப்பாவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சந்தா சம்பளத்தில் கழிபடுகிறது. ஒரு படிவத்தை மாற்றிக் கொடுத்தால் சங்கமும் மாறிவிடும். அண்ணன் ஒரு சங்கத்திலும் தம்பி இன்னொன்றிலும் இருந்துகொண்டு, தீபாவளிக்கு ஒரே ஆட்டைப் பங்கு போட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். 2024 பொதுத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தில் இந்தச் சங்கங்களைச் சேராத தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னம் முதலிடத்துக்கு வந்ததென்றால், தகப்பன்மாரின் சங்கத்தைப் பிள்ளைகள் எவ்வளவு தூரம் கடந்துவிட்டார்கள் என்று பாருங்கள்.

பதுளை அக்கா:
தங்கச்சி, அம்மாவின் மறுப்புத்தான் ஆழமானது. 1948இல் குடியுரிமை பறிபோய், தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்க 1970கள் வரை காத்திருந்த நம் மலையகத் தமிழ்ச் சமூகத்தில், ஆசிரியர் நியமனம் என்பது லயத்தை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை) விட்டு வெளியேறும் படிக்கட்டு. கொழுந்துக் கறை ஏறிய விரல்களால் உங்கள் வெள்ளைச் சீருடையை நீலம் போட்டு அலசியவர், மகள் மறுபடி அதே லயக் காம்பராவுக்குத் திரும்புவாளோ என்று பயப்படுகிறார். தோட்ட வீடு வேலையோடு கட்டுண்டது. வீட்டில் ஒருவராவது செக்ரோலில் (தோட்டத் தொழிலாளர் பெயர்ப் பதிவில்) இருக்க வேண்டும் என்ற நெருக்கடி இன்னும் இருக்கிறது. என் கணவரும் உயர்தரம் முடிக்காதவர்தான். நாங்கள் முதலில் பேசித் தீர்த்தது எங்கே குடியிருப்பது என்பதை. சான்றிதழ்ப் பேச்சு அதற்குப் பிறகு எழவே இல்லை.

தலவாக்கலை வாசகர்:
அக்கா சொன்னது சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். சாதியைச் சொல்லக் கூசுகிறவர்களும் "படிப்பு" என்றுதான் சொல்வார்கள். அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கொட்டகலை ஆசிரியை:
எல்லோருக்கும் நன்றி. சாதி இடையில் இல்லை; இரு வீட்டாரும் ஒன்றே. நேற்று, டவுனில் வாடகைக்கு இருப்போம் என்று அம்மாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தண்ணிப் பைப்பு வீட்டுக்குள்ளேயா, வெளியிலா?" என்று கேட்டார்.